ஹெரால்டு எஞ்சினுக்கு உதிரிபாகம்: எதை வாங்கலாம், எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது

வீட்டில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரோ கெஸல் காரோ நிற்கிறது. சைலன்சரில் நீலப் புகை. மெக்கானிக் பார்த்துவிட்டு "எஞ்சினைப் பிரிச்சுடலாம் சார்" என்கிறார். அவர் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பழைய வண்டிகளில் எஞ்சின் வேலை பாதியில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: முதலில் பிளாக்கை போர் செய்துவிட்டு (சிலிண்டர்களைப் பெரிதாகக் கடைந்துவிட்டு), அப்புறம் அதற்குப் பிஸ்டன் தேடுவது. மாருதிக்கு அப்படிச் செய்யலாம்; எந்த ஓவர்சைஸ் (கடைந்த சிலிண்டருக்கேற்ற பெரிய அளவு) கேட்டாலும் சாயங்காலத்துக்குள் பட்டறைக்கு வந்துவிடும். ஹெரால்டுக்கு வராது. சந்தையில் என்ன சைஸ் கிடைக்கிறதோ, அதற்கு ஏற்றபடிதான் எஞ்சினைக் கடைய வேண்டும். பாகம் கைக்கு வந்து, அதை அளந்து பார்த்த பிறகே லேத். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த வரிசைப்படிதான். அம்பாசடர், ஃபியட் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான். அளவுகள் மட்டும் மாறும்.

1. பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

முதலில் ஆர்சி புத்தகத்தை எடுத்து அதிலுள்ள எஞ்சின் எண்ணையும் பிளாக்கில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். ஐம்பது, அறுபது வருடத்தில் எத்தனை கை மாறியதோ, யார் எந்த பிளாக்கை மாட்டினார்களோ தெரியாது. எண் ஒத்துவரவில்லை என்றால் உதிரிபாகத்துக்கு ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் 10-ஆம் படியைப் படியுங்கள்.

அடுத்து கம்ப்ரஷன் சோதனை. நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டராக அளந்து எழுதுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். அளவு ஏறினால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். ஹெட்டை மட்டும் இறக்கினால் முடிகிற வேலைக்கு முழு எஞ்சினையும் தரையில் பரப்பிவிடுவது இந்த ஊர்ப் பட்டறைகளில் சகஜம்.

மூன்றாவது சோதனைதான் முக்கியம். ஒருவரை கிளட்சை மிதித்து விடச் சொல்லிவிட்டு, முன்பக்க கிராங்க் புல்லியைப் பாருங்கள். புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னும் பின்னும் நகர்ந்தால் த்ரஸ்ட் வாஷர் (கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் தகடு) தேய்ந்துவிட்டது, அல்லது கழன்று ஆயில் சம்புக்குள் விழுந்துவிட்டது. அந்த நிலையில் வண்டியை ஓட்டினால் கிராங்க் பிளாக்கையே அராவித் தின்றுவிடும். அப்படி நகர்ந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். பட்டறைக்குக்கூட ஓட்டிப் போக வேண்டாம், கட்டி இழுத்துப் போங்கள்.

2. உங்களிடம் இருப்பது எந்த எஞ்சின்?

கடைக்காரரிடம் "948 பிஸ்டன்" என்று மட்டும் கேட்காதீர்கள். ஹெரால்டு, கெஸல், ஸ்டாண்டர்டு டென் இவற்றில் இருப்பது ட்ரையம்ஃப் வழி வந்த 948 சிசி எஞ்சின்: போர் (சிலிண்டரின் விட்டம்) 63 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 76 மி.மீ. மோரிஸ் மைனர் 1000-இல் இருந்ததும் 948 சிசிதான். ஆனால் அது பிஎம்சி ஏ-சீரிஸ்: போர் 62.94, ஸ்ட்ரோக் 76.2. வெர்னியரில் அவசரமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டுமே வேறு வேறு எஞ்சின். பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் எதுவும் மாறி உட்காராது. இந்தக் குழப்பத்தால் தவறான செட்டை வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்கள் ஏராளம். பழைய டப்பாவுக்குக் கடையில் ரிட்டர்ன் கிடையாது.

இன்னொரு வலை 1147 சிசி. வெளிநாட்டு ஹெரால்டு 1200-க்கும் ஸ்பிட்ஃபயருக்கும் வந்த இந்த எஞ்சினின் போர் 69.3, ஸ்ட்ரோக் அதே 76. "போர் பண்ணி அந்தப் பிஸ்டனைப் போட்டுடலாமே" என்று யாராவது யோசனை சொல்வார். முடியாது. அந்த அளவுக்கு இடம் கிடைக்க சிலிண்டர்களின் இருப்பிடத்தையே மாற்றி வார்த்த பிளாக் அது. 948 பிளாக்கில் அவ்வளவு கடைந்தால் தண்ணீர் ஜாக்கெட்டுக்குள் போய்விடும்.

அம்பாசடர்க்காரர்களுக்கு: பெட்ரோல் பிஎம்சி எஞ்சின் 1489 சிசி, போர் 73.025, ஸ்ட்ரோக் 88.9. டீசல் அம்பாசடரும் அதே 1489 சிசி, அதே போர், அதே ஸ்ட்ரோக். ஆகவே "அம்பாசடர் 1500" என்று மட்டும் கேட்டால் டீசல் பாகத்தை எடுத்து நீட்ட வாய்ப்பு அதிகம். எம்ஜிஏ 1500-க்கும் இதே குடும்பத்துப் பெட்ரோல் எஞ்சின்தான். அதன் பிஸ்டனை வரவழைத்தால் கம்ப்ரஷன் விகிதம் கூடும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பிரீமியர் பத்மினி 1089 சிசி: போர் 68, ஸ்ட்ரோக் 75.

3. அளவெடுப்பது

வெர்னியர் போதாது. போர் டயல் கேஜ், வெளி மைக்ரோமீட்டர், ஃபீலர் கேஜ் மூன்றும் வேண்டும். சொந்தமாக இல்லையென்றால் நல்ல ரீபோர் பட்டறையில் அளந்து தரச் சொல்லுங்கள். வாயால் சொல்ல வேண்டாம், தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் மூன்று உயரத்திலும், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். நான்கு சிலிண்டருக்கு மொத்தம் 24 அளவு. சிலிண்டரின் உச்சியில் ரிங் படாத ஒரு விளிம்பு தேயாமல் இருக்கும். அந்த விளிம்பின் அளவுதான் போன தடவை எந்த ஓவர்சைஸுக்குக் கடைந்தார்கள் என்பதைக் காட்டிக்கொடுக்கும். அங்கே 63.00 இருந்தால் ஸ்டாண்டர்டு. 63.51 இருந்தால் ஏற்கெனவே இருபது தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கடைந்த பிளாக்.

தௌ கணக்கைக் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 10 தௌ 0.254 மி.மீ., 20 தௌ 0.508, 30 தௌ 0.762, 40 தௌ 1.016. இந்தக் கால ஆங்கிலேய எஞ்சின்களுக்குப் பிஸ்டனும் பேரிங்கும் பெரும்பாலும் இந்தப் படிகளில்தான் வரும். ஃபியட் போன்ற மெட்ரிக் எஞ்சினுக்கு 0.25, 0.50, 0.75, 1.00. 0.50-க்கும் 20 தௌவுக்கும் வித்தியாசம் வெறும் 0.008 மி.மீ. என்று விட்டுவிடாதீர்கள். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியே மி.மீ.யில் நூறில் சில பங்குதான்.

கிராங்கில் மூன்று மெயின் ஜர்னல் (பிளாக்கின் பேரிங்கில் சுழலும் பகுதி), நான்கு பிக் எண்ட் (கனெக்டிங் ராட் பிடிக்கும் பகுதி). ஒவ்வொன்றையும் இரண்டு திசையில் அளந்து முட்டை வடிவத்துக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிய பேரிங் ஷெல்லின் முதுகைத் துடைத்தால் 010, 020 என்று குத்தியிருக்கும். இப்போது எந்த அண்டர்சைஸில் (கிராங்கை எவ்வளவு சிறிதாகக் கடைந்த அளவில்) இருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். பழைய பாகம் எதையும், உடைந்ததைக்கூட, எடைக்குப் போடாதீர்கள். புதியது ஓடத் தொடங்கும்வரை அதுதான் உங்கள் மாதிரி.

4. உள்ளூரில் தேடுவது

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, அதாவது ஜி.பி. ரோடு, புதிய பாகத்துக்கு. புதுப்பேட்டை கழற்றிய பாகத்துக்கு. ஹெரால்டு சென்னையிலேயே தயாரான வண்டி. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் இருந்த ஊரும் இதுதான். ஆகவே அந்தக் காலத்து டப்பாக்கள் தேங்கிக் கிடக்க மற்ற ஊர்களைவிட இங்கே வாய்ப்பு அதிகம். பெங்களூரு ஜே.சி. ரோடு, டெல்லி காஷ்மீர் கேட், கொல்கத்தா மல்லிக் பஜார் இவை அடுத்த நிலை. அம்பாசடர் பாகத்துக்குக் கொல்கத்தா, பத்மினி பாகத்துக்கு மும்பை.

கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. பிஸ்டன் இருக்கிறதா என்று கேட்டால் கவுண்டரில் இருக்கும் பையன் தலை நிமிராமலே "இல்ல" என்பார். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் கவுண்டரில் வையுங்கள். வயதான முதலாளி இருக்கும் நேரம் பார்த்து, கூட்டம் குறைந்த பிற்பகலில் போங்கள். மாடியில், குடோனில் தேட நேரம் கொடுத்து, போன் நம்பரை விட்டுவிட்டு வாருங்கள்.

பழைய ஸ்டாக் கிடைத்தால் டப்பாவின் மேலே அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். உள்ளே இருப்பதை அளந்து பாருங்கள். டப்பா மாறியிருப்பது சாதாரணம். ரிங் செட்டில் துருப்புள்ளி இருந்தால் வேண்டாம். பேரிங் ஷெல்லின் உட்புறம் லேசாக மங்கியிருந்தால் பரவாயில்லை. வெள்ளையாகப் பூத்தோ உரிந்தோ இருந்தால் வாங்காதீர்கள். கார்க் கேஸ்கெட் சுருங்கியிருக்கும், ரப்பர் இறுகியிருக்கும். இவற்றை மாதிரிக்கு மட்டும் வைத்துக்கொண்டு புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.

5. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது

இதே எஞ்சின் குடும்பம் இங்கிலாந்தில் ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் லட்சக்கணக்கில் ஓடியதால் அங்கே இன்னும் புதிதாகப் பாகம் போடுகிறார்கள். கான்லி கிளாசிக்ஸ், ரிம்மர் பிரதர்ஸ், மாஸ் போன்ற விற்பனையாளர்களின் பட்டியலில் பாக எண்ணோடு தேடலாம். 948-க்கு என்று குறிப்பிட்டிருக்கிறதா என்பதை ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியே சரிபாருங்கள். 1147, 1296, 1493 சிசி பாகங்களும் அதே பக்கத்தில் கலந்திருக்கும்.

செலவைப் பொறுத்தவரை நான்கு விஷயம்:

அ) அங்கே போட்டிருக்கும் விலையில் 20% வாட் வரி அடங்கியிருக்கலாம். ஏற்றுமதிக்கு அந்த வரி கிடையாது. வாட் கழித்த விலையைக் கேளுங்கள்.

ஆ) நம் சுங்கவரி பொருள் விலைக்கு மட்டும் அல்ல; அனுப்பும் கூலி, இன்சூரன்ஸ் சேர்ந்த தொகைக்கு. கூரியர்க்காரரின் கையாளும் கட்டணம் அதற்கு மேல். ஆகவே ஒவ்வொரு வாஷராகப் பத்துத் தடவை வரவழைப்பதைவிடப் பட்டியல் போட்டு ஒரே பார்சலாக வாங்குங்கள். அன்றைய வரி விகிதத்தைக் கூரியர் நிறுவனத்திடமோ கஸ்டம்ஸ் புரோக்கரிடமோ கேட்டுவிட்டே ஆர்டர் கொடுங்கள். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும்.

இ) "எக்ஸ்சேஞ்ச்" என்று போட்டிருக்கும் பாகங்களுக்குப் பழையதைத் திருப்பி அனுப்பினால்தான் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். இங்கிருந்து அனுப்பும் கூலியில் அது கட்டுப்படியாகாது. முழு விலை என்றே கணக்கிடுங்கள்.

ஈ) கிராங்க், ஹெட் போன்ற கனமானவற்றை வரவழைக்காதீர்கள். பிஸ்டன் செட், ரிங், பேரிங் ஷெல், த்ரஸ்ட் வாஷர், கேஸ்கெட் செட், டைமிங் செயின், வால்வு இவை எடை குறைவு, கட்டுப்படியாகும்.

ஆவணம்: சொந்த உபயோகத்துக்கு வரவழைப்பதற்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் தேவையில்லை. ஆதார், பான் அல்லது பாஸ்போர்ட் நகலோடு கேஒய்சி கேட்பார்கள். பார்சல் கிளம்பிய அன்றே கொடுத்துவிடுங்கள். தாமதித்தால் சேமிப்புக் கட்டணம் ஏறும். இன்வாய்ஸில் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் எண்ணிக்கையும் விலையும் தனித்தனியே இருக்க வேண்டும். எஞ்சின் பாகங்கள் சுங்க அட்டவணையில் 8409-இன் கீழ் வரும்.

பெரிய வலை இதுதான்: பயன்படுத்திய பாகத்தை வரவழைக்காதீர்கள். பழைய பொருள் இறக்குமதி கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, அனுமதி வேண்டும். ஏல இணையதளத்தில் மலிவாகக் கிடைத்த பழைய ஹெட் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் அதை விட்டுவிட்டு வர வேண்டியதுதான். ஐம்பது வருடம் டப்பாவிலேயே இருந்த புதிய பாகம் என்றால், பயன்படுத்தாத புதிய பொருள் என்று இன்வாய்ஸில் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

6. பிஸ்டன்: மூன்று வழி

முதல் வழி, சரியான ஓவர்சைஸ் செட் கிடைப்பது. கிடைத்த பிறகு பிஸ்டனைப் பட்டறைக்குக் கொண்டுபோய், நான்கையும் தனித்தனியே, பிஸ்டன் பின்னுக்கு (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) செங்குத்தாக, ரிங்குக்குக் கீழே உள்ள பாவாடைப் பகுதியில் அளந்து, தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியைக் கூட்டி, அந்தந்தச் சிலிண்டரை அந்தந்தப் பிஸ்டனுக்குக் கடையச் சொல்லுங்கள். கடைந்தபின் ஹோனிங் (சுவரில் நுண்ணிய கீறல் விடுவது) அவசியம். கண்ணாடிபோல் வழவழப்பாக விட்டால் ரிங் பதியாது, புகை நிற்காது.

ரிங் இடைவெளியை நீங்களே சரிபார்க்கலாம். ரிங்கை மட்டும் சிலிண்டரில் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ரிங்கின் இரு நுனிகளுக்கு இடையே ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். போரில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் மூன்று நான்கு தௌ என்பது நெடுநாள் கணக்கு. 63 மி.மீ. போருக்கு 8 முதல் 10 தௌ வரும். இதைவிடக் குறைந்தால் சூட்டில் நுனிகள் முட்டி ரிங் உடையும்.

இரண்டாவது வழி, வேறொரு எஞ்சினின் பிஸ்டனைப் பொருத்துவது. பட்டறைக்காரர்கள் ரொம்பச் சுலபமாகச் சொல்லும் யோசனை இது. போர் அளவு மட்டும் பார்த்து ஒத்துக்கொள்ளாதீர்கள். பிஸ்டன் பின்னின் மையத்திலிருந்து தலைவரை உள்ள உயரம், பின்னின் விட்டம், பின் இருக்கையின் அகலம், தலையின் வடிவம், எடை ஆகிய எல்லாம் பார்க்க வேண்டும்.

உயரம் குறைந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 63 மி.மீ. போரில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 237 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 8 என்று வைத்துக்கொண்டால் மேலே எரிதல் அறை 33.8 சிசி. மாற்றுப் பிஸ்டன் 1.5 மி.மீ. குட்டையாக இருந்தால் அறை 4.7 சிசி கூடி 38.5 ஆகும், விகிதம் 7.2-க்கு இறங்கிவிடும். வண்டி ஓடும். ஆனால் மேட்டில் இழுக்காது, பெட்ரோலும் குடிக்கும். கார்புரேட்டரைக் குற்றம் சொல்லிக்கொண்டே அலைவீர்கள். உயரம் கூடினால் இன்னும் மோசம், தலை வால்வில் முட்டும். பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை மாட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றிக் கழற்றி, நசுங்கிய களிமண்ணின் தடிமனைப் பாருங்கள்.

பிஸ்டன் பின் சிறிதாக இருந்தால் கனெக்டிங் ராடில் புதிய புஷ் போட்டுச் சரிசெய்யலாம். பெரிதாக இருந்து ராடைக் கடைய வேண்டியிருந்தால் அந்தப் பிஸ்டனை விட்டுவிடுங்கள். எடை நான்கிலும் ஓரிரு கிராமுக்குள் இருக்க வேண்டும். நகைக்கடைத் தராசு போதும்.

மூன்றாவது வழி, ஸ்லீவ். பிளாக் 40 தௌ தாண்டிவிட்டது, அல்லது கிடைத்திருப்பது ஸ்டாண்டர்டு சைஸ் பிஸ்டன் மட்டும்தான் என்றால் உலர் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் இறுக்கி இறக்கும் புதிய உருளைச் சுவர்) இறக்கி 63.00-க்குத் திரும்பலாம். அதற்குமுன் சிலிண்டர் சுவரின் தடிமனை அல்ட்ராசோனிக் கேஜில் பார்த்துவிடுங்கள். வெறும் தண்ணீர் ஊற்றியே ஓட்டிய பிளாக்குகளில் ஜாக்கெட் பக்கம் துரு அரித்திருக்கும். ஸ்லீவ் இறக்கிய பிறகு பிளாக்கைக் காற்றழுத்தச் சோதனை செய்யாமல் வாங்கி வராதீர்கள். ஸ்லீவ் மேல் விளிம்பு பிளாக் முகத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். ஒரு முடி அளவு தாழ்ந்தாலும் ஹெட் கேஸ்கெட் அங்கேதான் போகும்.

முழுக்கப் புதிதாகச் செய்து தருபவர்களும் உண்டு. சிறு ஆர்டருக்கு விலை கூடும், வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் ஆகும். பழைய பிஸ்டனோடு அளவு எழுதிய வரைபடத்தையும் கொடுங்கள். தேய்ந்த மாதிரியை மட்டும் கொடுத்தால் தேய்ந்த அளவிலேயே புதியது வரும். நான்குக்குப் பதில் ஐந்தாகச் செய்து வாங்கிவிடுங்கள்.

7. கிராங்க், பேரிங், த்ரஸ்ட் வாஷர்

முதலில் பேரிங் செட், பிறகு கிரைண்டிங். மெயினுக்கு ஒரு சைஸும் பிக் எண்டுக்கு வேறு சைஸும் கிடைத்தாலும் குற்றமில்லை. ஆனால் ஒரு வகைக்குள் எல்லாம் ஒரே சைஸாக இருக்க வேண்டும். கிரைண்டிங்காரரிடம் சொல்ல வேண்டிய ஒரே விஷயம்: ஜர்னல் ஓரத்தில் இருக்கும் வளைவை அப்படியே வைக்கச் சொல்லுங்கள். சதுர மூலையாகக் கடைந்த கிராங்க் அந்த மூலையில்தான் விரிசல் விட்டு முறியும். முடிந்ததும் ஆயில் துவாரங்களைச் சுத்தம் செய்து காற்றடித்து வாங்குங்கள்.

பேரிங் இடைவெளிக்கு ஜர்னல் விட்டத்தில் அங்குலத்துக்கு ஒரு தௌ என்பது பொதுக் கணக்கு. பிளாஸ்டிகேஜ் என்ற மென்மையான இழையை இடையில் வைத்து முறுக்கி, அது நசுங்கிய அகலத்தை அளந்து பாருங்கள். பிக் எண்ட் போல்ட் எப்போதும் புதிது.

த்ரஸ்ட் வாஷர் பின்பக்க மெயின் பேரிங் அருகே உட்காரும் அரைவட்டத் தகடு. எண்ணெய்ப் பள்ளம் உள்ள முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் எஃகு முகம் கிராங்கை அரைத்துவிடும். இந்தத் தவறு எவ்வளவு சகஜம் என்று சொல்லி மாளாது. மாட்டியபின் கிராங்கின் முன்பின் அசைவு 0.1 முதல் 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கூடினால் தடித்த ஓவர்சைஸ் வாஷர் போடுங்கள்.

8. ஹெட்

இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-இல் நின்றுவிட்டது. ஹெட் அதற்குப்பின் திறக்கப்படாததாக இருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு சீட் உள்வாங்கியிருக்கும். கடினமான சீட் இன்செர்ட் நான்கு போடச் சொல்லுங்கள். கடைகிற குழி சீட்டைவிட மூன்று நான்கு தௌ சிறிதாக இருக்க வேண்டும்; தளர்வாக இருந்து பஞ்சிங் அடித்து நிறுத்திய சீட் ஓடும்போது கழன்று பிஸ்டனை உடைக்கும்.

வால்வு கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். தண்டின் விட்டம், தலை விட்டம், மொத்த நீளம், காட்டர் (வால்வு ஸ்பிரிங்கைப் பிடிக்கும் பூட்டு) பள்ளம் இருக்கும் இடம் ஆகிய நான்கையும் எழுதிக்கொண்டு தேடினால் சற்றே பெரிய தலை உள்ள வேறொரு வால்வைக் கடைந்து கொண்டுவரலாம். எக்ஸாஸ்டுக்கு 21-4என் எஃகு என்று கேளுங்கள். வால்வு கைடை பாஸ்பர் பிரான்ஸ் கம்பியில் எந்த நல்ல டர்னரும் செய்துவிடுவார்.

9. கேஸ்கெட்டும் ஆயில் கசிவும்

கார்க், பேப்பர் கேஸ்கெட்டுகளைத் தாள் வாங்கி வெட்டிக்கொள்ளலாம். ஹெட் கேஸ்கெட் கிடைக்காதபோது செம்புத் தகட்டில் லேசர் அல்லது வாட்டர்ஜெட்டில் வெட்டலாம். மாட்டுவதற்கு முன் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மென்மையாக்குவது கட்டாயம். தண்ணீர்த் துவாரங்களைச் சுற்றி சீலன்ட் தடவாவிட்டால் செம்பு கசியும்.

பின்பக்க கிராங்க் சீல் எங்கே கிடைக்கும் என்று கேட்டு அலையாதீர்கள். இந்த எஞ்சினில் அங்கே ரப்பர் சீலே இல்லை. கிராங்கைச் சுற்றி எண்ணெயைத் திருப்பி அனுப்பும் திருகுப் பள்ளம் உள்ள அலுமினிய வளையம்தான். அது கிராங்கைத் தொடாமல், சுற்றிலும் இரண்டு மூன்று தௌ சமமான இடைவெளியோடு நிற்க வேண்டும். ஃபீலர் கேஜைச் சுற்றிலும் விட்டுப் பார்த்து, பிறகே போல்ட்டை இறுக்குங்கள். கிராங்க்கேஸ் பிரீதர் (எஞ்சின் உள்காற்று வெளியேறும் வழி) அடைத்திருந்தால் இது எவ்வளவு சரியாக இருந்தாலும் ஒழுகும்.

முன்பக்கம் கிராங்குக்குக் கீழே ஒரு அலுமினிய சீலிங் பிளாக் இருக்கிறது. அதன் இரு முனையிலும் சிறு மரத்துண்டுகள் அடைப்பாக இருக்கும். ஆமாம், மரம்தான். பட்டறையில் குப்பை என்று கூட்டித் தள்ளிவிடுவார்கள், அப்புறம் முன்பக்கம் ஏன் சொட்டுகிறது என்று தேடுவார்கள். மென்மரத்தில் இறுக்கமாகச் செதுக்கி, சீலன்ட் தடவித் தட்டி உள்ளே விட்டு, நீட்டியதைப் பிளேடால் சீவிவிடுங்கள். அதே பிளாக்கில் 5/16 அங்குல மரைக்கு எம்8 (8 மி.மீ. மெட்ரிக்) போல்ட்டை அழுத்தித் திருகியதால் மரை போயிருப்பதும் சகஜம். இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், மரை வேறு. ஹெலிகாயில் (புதிய மரையாக உள்ளே திருகும் கம்பிச்சுருள்) போட்டுச் சரிசெய்யலாம்.

10. பிளாக்கே போய்விட்டால்

ராட் உடைத்து ஓட்டை போட்ட பிளாக்கைக்கூடத் உலோகத் தையல் முறையில் (வெல்டிங் இல்லாமல் உலோகத் துண்டுகளால் விரிசலைப் பூட்டுவது) சரிசெய்ய முடியுமா என்று முதலில் கேளுங்கள். வேறு பிளாக் என்றால் அது காகித வேலை. எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்டிஓவிடம் முன் அனுமதி வாங்குவதே முறை. அனுமதி இல்லாமல் மாற்ற நேர்ந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும். வாங்கும் பிளாக்குக்குப் பில், அது கழற்றப்பட்ட வண்டியின் ஆர்சி நகல், அந்த ஆர்சி ரத்தானதற்கான சான்று மூன்றும் வாங்குங்கள். "உங்க நம்பரையே குத்தித் தந்துடறோம்" என்பவரிடமிருந்து உடனே கிளம்பிவிடுங்கள். அது குற்றம்.

மாருதி எஞ்சினோ இசுசு எஞ்சினோ மாட்டிவிடலாம் என்ற ஆசை வந்தால் ஒன்றை யோசியுங்கள். 2021-இல் வந்த விதிப்படி ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை வின்டேஜாக 'விஏ' எண்ணில் பதியலாம். புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்து வருடம் செல்லும். ஆனால் சேஸி, பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எஞ்சினை மாற்றினால் அந்தக் கதவு மூடிவிடும். வின்டேஜ் எண் வாங்கினால் அன்றாடம் ஓட்ட முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

11. வார்த்துச் செய்வது

வாட்டர் பம்ப் உடல், தெர்மோஸ்டாட் கூடு, நீர்க் குழாய் முழங்கை போன்றவை கோயம்புத்தூர், அம்பத்தூர்ப் பவுண்டரிகளில் (உலோக வார்ப்புப் பட்டறைகளில்) செய்யக்கூடியவை. சிறு ஆர்டர் எடுக்கும் பவுண்டரியாகத் தேடுங்கள். பெரிய இடங்களில் வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

பழைய பாகத்தையே மணலில் பதித்து வார்ப்பது மலிவு, ஆனால் சிறுத்து வரும். வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் 1% சுருங்கும், அலுமினியம் 1.3%. 200 மி.மீ. நீளமுள்ள பாகம் இரும்பில் 2 மி.மீ.யும் அலுமினியத்தில் 2.6 மி.மீ.யும் குறைந்துவிடும், போல்ட் துவாரம் எதுவும் ஒத்துவராது. ஆகவே பேட்டர்ன் (மணலில் பதிக்கும் மாதிரி) தனியாகச் செய்ய வேண்டும். ஸ்கேன் செய்து, சுருக்கத்தைக் கூட்டி, கடைய வேண்டிய முகங்களில் 3 மி.மீ. ஏற்றி 3டி பிரிண்ட் எடுத்தால் மரப் பேட்டர்னைவிட வேகம். துவாரங்களை வார்க்காமல் பிறகு துளையிடுங்கள். உலோகத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: இரும்பு எஃப்ஜி 200 அல்லது 260, அலுமினியம் எல்எம்25. சொல்லாவிட்டால் அன்று உலையில் என்ன இருக்கிறதோ அதுதான் வரும்.

செலவு முழுக்க பேட்டர்னிலும் மெஷினிங்கிலும்தான். உலோகத்துக்கு ஆவது சொற்பம். ஐந்தாறு வார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டில் காற்றுத் துளை இருக்கும், மெஷினிங்கில் ஒன்று போகும், மிச்சத்தை மற்ற ஹெரால்டுக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். கடைந்தபின் தண்ணீருக்குள் வைத்துக் காற்றழுத்தம் கொடுத்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

12. சில்லறை

டைமிங் செயின் 3/8 அங்குலப் பிட்ச், தொழிற்சாலைக் கணக்கில் 06பி. அம்பாசடருக்கு இரட்டை வரிசை. கண்ணியை எண்ணிக்கொண்டு பாரிமுனை பேரிங் கடைகளில் கேளுங்கள். கிளிப் வேண்டாம், ரிவெட் அடித்த முடிவற்ற செயினாக வாங்குங்கள். ஆயில் சீலும் பேரிங்கும் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் சொன்னால் கிடைக்கும். இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோலில் பழைய ரப்பர் ஊறிவிடும்: பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், ஹோஸ், கார்புரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரப்பரில் மாற்றுங்கள்.

13. முதல் ஸ்டார்ட்

பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை செல்ஃப் அடியுங்கள். அதற்குமுன் பெட்ரோல் வேண்டாம். கேம்ஷாஃப்டைக் கிரைண்ட் செய்திருந்தால் ஃபாலோயரும் (கேமின் மேல் உட்கார்ந்து வால்வைத் தள்ளும் பாகம்) புதிதாக இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாமல் 2000 சுற்றில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். ஆறியபின் டேப்பட் (வால்வு) இடைவெளி 10 தௌ. 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, ஹெட்டை மறுபடி டார்க் செய்து, டேப்பட்டை மறுபடி பாருங்கள். ஹெட்டை இறுக்கினால் டேப்பட் மாறிவிடும். ஆகவே ஹெட் முதலில், டேப்பட் பிறகு.